கபூல் சொன்ன குரல்

யாசீன்,

சலாம். சாப்பிட்டாயா, தூங்கினாயா, சளி பிடிக்காமல் பார்த்துக்கொள் என்பதையெல்லாம் போன கடிதத்திலேயே எழுதிவிட்டேன். நீயும் அதைப் பாதி படித்துவிட்டு மடித்து வைத்திருப்பாய், எனக்குத் தெரியாதா? இதையாவது கடைசி வரை படி. அடுத்த மாதம் உன் நிக்காஹ். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று ஒரு ஊர் பாக்கியில்லாமல் ஜனம் வரும். பந்தியில் யாராவது ஒரு பொல்லாத கிழவி உன் தோளைத் தட்டி, "உங்கம்மாவுக்கு மொதல்ல சினிமாக்காரன் ஒர்த்தன் புருசனா இருந்தான், தெரியுமாடா?" என்று கேட்காமல் போகமாட்டாள். அவள் வாயால் கேட்பதைவிட என் கையால் படித்துவிடு. தமிழில் எழுதுகிறேனே என்று பார்க்காதே. உருதுவில் எழுதினால் உன் பெரியப்பா வீட்டில் தபாலைப் பிரித்து ஊருக்கே வாசித்துவிடுவார்கள், தமிழ் அங்கே யாருக்கும் படிக்க வராது. உன் அத்தாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது, எழுது. என்னைப் பெரிய மனுசன் ஆக்கிடாத, அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டுப் பேப்பரால் முகத்தை மூடிக்கொண்டார்.

படங்கள் பேச ஆரம்பித்துக் கொஞ்ச வருஷம்தான் ஆகியிருந்தது. எனக்குக் கல்யாண வயசு. உன் நானா, அதாவது என் அத்தா, ஆம்பூரில் பெரிய சாயபுவின் தோல் ஷாப்பில் தோலைத் தரம் பிரிக்கும் வேலையில் இருந்தார். நம் வீடும் அந்தக் காம்பவுண்டுக்குள்ளேயே இருந்தது. பெரிய சாயபுவுக்கு பம்பாயில் தோல் வியாபாரம். அங்கே ஒரு சினிமா கம்பெனியோடு எப்படியோ தோஸ்த் பிடித்துக்கொண்டார். அவர்கள் எடுத்துக்கொண்டிருந்தது ஒரு இந்திப் படம், காதல் கதை. ஒரு நவாப் வீட்டுப் பெண்ணுக்கு ஏழைக் கவிஞன் ஒருவன்மேல் ஆசை. ரொம்ப அழுகைக்குப் பிறகு நிக்காஹ் நடக்கும், நடந்த கையோடு பிரிவும் வரும். படம் முழுக்க பம்பாயிலேயே முடிந்துவிட்டது. பாக்கி இருந்தது அந்த நிக்காஹ் மட்டும்தான். "கல்யாணத்த எங்க ஊட்ல எடுங்க. ஆளுங்க, பந்தல், பிரியாணி எல்லாம் நெஜமாவே போட்டுர்றேன்" என்று பெரிய சாயபு வாக்குக் கொடுத்துவிட்டார். ஒலி பிடிக்கிற வண்டி, ராட்சச விளக்குகள், கம்பி நுனியில் தொங்குகிற மைக் என்று ஒரு பட்டாளமே வந்து ரயிலைவிட்டு இறங்கியது.

வந்தவர்கள் எல்லோரும் முதல் நாளே மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். சுண்ணாம்புத் தொட்டியும் ஆவாரம்பட்டைத் தொட்டியும் சேர்ந்து அடிக்கிற வாடை நமக்குத் தெரியவே தெரியாது, நமக்கு அது சோறு. ஆனால் கதாநாயகி பாவம், சுருண்டு படுத்துவிட்டாள். வாய்க்குப் போனதெல்லாம் வெளியே வந்தது. காய்ச்சல் வேறு. டாக்டரைக் கூட்டிவர கம்பெனியின் முன்ஷி வேலூருக்குப் போனார். அந்த முன்ஷிதான் படத்துக்கு வசனம் எழுதியவர், யார் எதைச் சரியாகச் சொல்கிறார்கள் என்று காதைக் கொடுத்துக் கேட்பவர். டைரக்டரோ ஒரு வெள்ளைக்காரர், இந்துஸ்தானியில் அவருக்கு ஒரு சொல்கூடத் தெரியாது. வெயில் இறங்குவதற்குள் எடுத்தாக வேண்டும், ராத்திரி மெயிலில் கதாநாயகன் திரும்ப வேண்டும். டைரக்டர் குதியாய்க் குதித்தார். அப்போதுதான் பெரிய சாயபு வீட்டு அம்மா, "பொண்ணு மொகம் தெரியப் போறதில்லியே. தலையிலேருந்து கால் வரைக்கும் பூவும் முக்காடும்தானே? நம்ம பொண்ணு ஒண்ண ஒக்கார வெச்சா இன்னா?" என்றார்கள். கதாநாயகி உயரத்துக்குச் சரியாக இருந்தவள் நான்தான்.

உன் நானா தயங்கினார். ஆனால் முதலாளி வீட்டுப் பேச்சைத் தட்ட முடியுமா? "மூஞ்சி தெரியாதுல்ல? சரி" என்று சொல்லிவிட்டார். நம் மைமூன் பூபி, உன் நானாவின் தங்கை, என்னை அலங்கரித்தாள். அவள் வாய் ஓயவே இல்லை. "பொய்க் கல்யாணத்துக்கே இவ்ளோ பூவுன்னா நெஜக் கல்யாணத்துக்கு எவ்ளோ வேணும்டீ!" என்று சிரித்துக்கொண்டே இருந்தாள். பந்தல் நடுவில் பூச்சரத் திரை ஒன்றைக் கட்டி, இந்தப் பக்கம் என்னை உட்கார வைத்தார்கள், அந்தப் பக்கம் கதாநாயகனை. வக்கீலாக, அதாவது பெண்ணின் சம்மதத்தைக் கேட்டு வந்து சொல்பவராக, என் பெரியத்தா. சாட்சிகளாகத் தோல் ஷாப் ஆட்கள் இரண்டு பேர். காஜியாக நடிக்க யாரையோ தேடிவிட்டு, கடைசியில் நம் ஊர் நாயிப் காஜியையே கூட்டி வந்தார்கள். எத்தனையோ நிக்காஹ் நடத்திவைத்தவர், பார்வை கொஞ்சம் மங்கல். கதையில் வருகிற பெயர்களை ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுத்திருந்தார்கள்.

விளக்குகளைப் போட்டார்கள். அந்த வெளிச்சத்தில் காஜிக்குத் தாள் தெரியவில்லை. அவர் அதைப் பற்றி அலட்டிக்கொள்ளவே இல்லை, மடித்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஆயுசு முழுக்கச் செய்த வேலை, வாய் தானாக ஓடியது. நிக்காஹுக்கு முன்னால் ஓதுகிற குத்பாவை ஓதி முடித்துவிட்டு, வழக்கம்போலப் பெரியத்தா பக்கம் திரும்பி, "பொண்ணு பேரு இன்னா? அத்தா பேரு?" என்று கேட்டார். பெரியத்தாவும் வழக்கம்போலவே சொன்னார். என் பெயரை, உன் நானாவின் பெயரை, ஊரை. பிறகு காஜி கதாநாயகனைப் பார்த்தார். "உங்க பேரு?" அவருக்கு சினிமாவில் ஒரு பெயர் உண்டு. விளம்பரத் தாளிலெல்லாம் அதைத்தான் போட்டிருந்தார்கள், அது முஸ்லிம் பெயரே இல்லை. அவர் அதைச் சொல்லவில்லை. மெல்ல, தன் சொந்தப் பெயரையும், தகப்பன் பெயரையும், பிறந்த ஊரையும் சொன்னார். கம்பெனி ஆட்களுக்கே அன்றுவரை அந்தப் பெயர் தெரியாது என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை யாசீன். எழுதினால் கூப்பிட்டது போல் ஆகிவிடுமோ என்று இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்குப் பயம்.

பெரியத்தா திரைக்கு இந்தப் பக்கம் வந்து, மாப்பிள்ளை தருகிற மஹர் தொகையையும் சொல்லி, இன்னாரின் மகன் இன்னாரை ஏற்றுக்கொள்கிறாயா என்று என்னைக் கேட்டார். மைக் என் தலைக்கு மேலே தொங்கியது. நான் "கபூல்" என்றேன். ஏற்றுக்கொண்டேன் என்றேன். மூன்று தடவை கேட்டார், மூன்று தடவையும் சொன்னேன். அந்தப் பக்கத்திலிருந்து அவரும் சொன்னார். எனக்கு விவரம் தெரியாத வயசில்லை. பெயர்கள் மாறிப்போனது என் காதிலும் விழுந்தது. நிறுத்துங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்றால், எனக்கு அது பிடித்திருந்தது. உன்னிடம் என்ன மறைப்பு? அந்தக் குரல் தன் பெயரைச் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது, நான் சந்தோஷமாகத்தான் சொன்னேன்.

அதோடு விட்டார்களா? நிக்காஹ் முடிந்ததும் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் தலைமேல் ஒரு சால்வையைப் போர்த்தி, நடுவில் குர்ஆனையும் கண்ணாடியையும் வைத்து, முதல் தடவையாகக் கண்ணாடியில் முகம் பார்க்க வைப்பது நம் வழக்கம் இல்லையா, அதையும் எடுத்தார்கள். காமிராவுக்கு மேலே போர்த்திய சால்வை மட்டும்தான் தெரியும். கண்ணாடியில் தெரிகிற முகத்தைப் பிறகு பம்பாயில் கதாநாயகியை வைத்து எடுத்துக்கொள்வார்களாம். சால்வைக்குள்ளே நாங்கள் இரண்டு பேரும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டோம். காலையிலிருந்து எல்லோரிடமும் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த மனுஷன் அதில் சிரிக்கவில்லை. அடையாளம் கண்டுகொண்டவர் பார்க்கிற பார்வையாக இருந்தது அது. வெளியே டைரக்டர் கையைத் தட்டிக்கொண்டு, நிஜக் கல்யாணம் மாதிரியே இருக்கிறது என்று யாரிடமோ இங்கிலீஷில் சொன்னாராம். எல்லோரும் பிரியாணி சாப்பிட்டார்கள். ராத்திரி மெயிலில் கம்பெனி போய்விட்டது.

அதற்குப் பிறகு எங்களுக்கு அது ஒரு சிரிப்புக் கதையாகிவிட்டது. சில மாதம் கழித்து உன் அத்தாவுக்கு என்னைப் பேசினார்கள். வாணியம்பாடிக்காரர், சென்னைப் பெரியமேட்டில் தோல் மண்டியில் வேலை, நல்ல குடும்பம். நிச்சயம் ஆயிற்று. அந்த நேரம் பார்த்து வேலூருக்குப் படம் வந்தது. மாப்பிள்ளை வீட்டையும் கூட்டிக்கொண்டு எல்லோரும் போனோம். நல்ல யோசனை பார்! என்னைக் கேட்டிருந்தால் வயிற்றுவலி என்று படுத்திருப்பேன். பெண்கள் பக்கத்தில், திரைக்கு ரொம்ப அருகில், ஒலிபெருக்கிக்கு அடியில் உட்கார்ந்தோம். கதையை யார் பார்த்தார்கள்? "அதோ நம்ம அண்டா! அதோ நம்ம கருப்பு ஆடு!" என்று ஆம்பூர்க்காரர்கள் ஒரே கூச்சல். நிக்காஹ் வந்ததும் கூச்சல் அடங்கியது. காஜி தாடிக்குள் முணுமுணுத்தது பம்பாய்க்காரர்களுக்கு வெறும் முணுமுணுப்பாக இருந்திருக்கலாம். எங்களுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. என் பெயர். உன் நானாவின் பெயர். ஊர். அவருடைய பெயர். அப்புறம் என் குரல், என் வாயில் கேட்பதைவிடப் பெரிதாக, கொட்டகை முழுக்க. "கபூல்." என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வருங்கால மாமியார், உன் தாதி, மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன், திரையில் நான் பேசிக்கொண்டிருந்தேன். 

மறுநாளே ஊர் இரண்டாகப் பிரிந்துவிட்டது. சினிமாவில் சொன்னது எப்படிக் கல்யாணம் ஆகும் என்று ஒரு கட்சி. நிக்காஹை விளையாட்டுக்குச் சொன்னாலும் நிக்காஹ்தான், பெயர் உண்டு, மஹர் உண்டு, சாட்சி உண்டு, இன்னும் என்ன வேண்டும் என்று இன்னொரு கட்சி. பாவம், நாயிப் காஜி தலையில் கையை வைத்து உட்கார்ந்துவிட்டார். "நான் இன்னா பண்ணுவேன்? பேரு கேக்காம எனக்கு ஓத வராதே" என்று அழாத குறை. அவரைத் திட்ட யாருக்கும் மனசு வரவில்லை. நான் இன்னொருவன் பெண்டாட்டி என்றால் உன் அத்தாவைக் கட்டிக்கொள்ள முடியாது, அவ்வளவுதான் விஷயம். பேஜாராகிப்போன உன் நானா, அந்த நடிகரைப் பார்த்து ஒரு வார்த்தை தலாக் வாங்கி வந்துவிடுகிறேன் என்று பம்பாய்க்கு ரயிலேறினார்.

போனவர் திரும்பி வந்ததும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. பூபியை மட்டும் சமையலறைக்குக் கூப்பிட்டார். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். "செத்துட்டாம்மா அந்தப் பையன். இங்கேருந்து போன கொஞ்ச நாள்லயே காய்ச்சல்ல போய்ட்டான். நம்ம ஊட்ல எடுத்ததுதான் அவன் கடேசியா நடிச்சது." பூபி இன்னாலில்லாஹி சொன்னாள். அதற்குப் பிறகு உன் நானா குரலைத் தாழ்த்தினார். "அவன் தங்கியிருந்த ஊட்டுக்காரன் ஒண்ணு சொன்னான். காய்ச்சல்ல பேத்திக்கினே இருந்தானாம். ஆம்பூர்லேருந்து என் ஊட்டுக்காரி வந்துட்டாளான்னு கேட்டுக்கினே இருந்தானாம். வாசல் கதவ சாத்த உடலியாம்."  அழுகை வந்தது. யாருக்காக அழுகிறேன் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. பயமும் இருந்தது. 

கணவன் இறந்தால் நான்கு மாதமும் பத்து நாளும் வெளியே வராமல் இத்தா இருக்க வேண்டும். அவர் இறந்தே அதற்கு மேல் ஆகிவிட்டது, இனிமேல் இருக்கத் தேவையில்லை என்றுதான் மார்க்கம் படித்த ஆலிம்கள் சொன்னார்கள். உன் தாதிதான் ஒத்துக்கொள்ளவில்லை. "கிதாப்ல இன்னா வேணா இருக்கட்டும். சந்தேகத்தோட எம்மருமக என் வாசப்படி மிதிக்கக் கூடாது. ஒக்காரட்டும்." அந்த அம்மா சொன்னால் சொன்னதுதான், உனக்குத் தெரியாதா? அப்போது மனசுக்குள் அவர்களை எவ்வளவு திட்டினேன் என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். இப்போது யோசித்தால், அவர்கள் சொல்லியிருக்காவிட்டால் நானே கேட்டிருப்பேனோ என்று தோன்றுகிறது. வளையலைக் கழற்றினேன். வெள்ளை உடுத்தினேன். பின்கட்டு அறையில் உட்கார்ந்தேன். அறையிலிருந்த கண்ணாடியைப் பூபி துணியால் மூடிவிட்டுப் போனாள்.

நான் உட்கார்ந்த சில நாளிலேயே தோல் காயப்போடுகிற மைதானத்தில் டெண்டுக் கொட்டகை போட்டார்கள். அதே படம். பம்பாயில் ஒரு வாரம்கூட ஓடாத படமாம் அது. நம் பக்கத்தில் மட்டும் நாட்றம்பள்ளியிலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். காதலும் கத்தரிக்காயும் யாருக்கு வேண்டும்? ஆம்பூர்ப் பொண்ணு ஒருத்தி சினிமாக்காரனைக் கட்டிக்கொண்ட நிக்காஹ் வேண்டும். அது முடிந்ததும் பாதிப்பேர் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்களாம். என் அறை ஜன்னலுக்கும் அந்தக் கொட்டகைக்கும் நடுவில் ஒரு மதில்தான். தினமும் பொழுது சாய்கிற நேரத்துக்கு என்ஜின் டக்டக் என்று தொடங்கும். அப்புறம் அவர் பேசுவார். காதல் வசனமெல்லாம் பேசுவார். செத்துப்போனவர், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, தினம் தினம். நான் வெள்ளைத் துணியில் அவருக்காக இத்தா இருந்துகொண்டே, என் குரல் அவரை ஏற்றுக்கொள்வதைக் கேட்டேன். காதைப் பொத்திப் பார்த்தேன். பொத்தினால் இன்னும் தெளிவாகக் கேட்டது.

அப்படியே பழகியும் போயிற்று, அதுதான் எனக்கு இன்றைக்கும் பயம். காஜி பெயர் கேட்கிற இடம் வந்தால் முந்தானையைச் சரிசெய்துகொள்வேன். ஒருநாள் மத்தியானத்திலிருந்தே பேய்மழை. கொட்டகைக்குள் தண்ணீர் புகுந்து ஆட்டம் ரத்து என்று தமுக்கடித்துவிட்டுப் போனார்கள். பூபி என் பக்கத்தில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வழக்கமான நேரத்துக்கு "கபூல்" கேட்டது. என்ஜின் சத்தம் இல்லை. வேறு வசனம் இல்லை. அது மட்டும். "பூபி, கேட்டுச்சா?" என்றேன். "இன்னாது?" என்று நிமிர்ந்து பார்த்தவள், என் முகத்தைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு ஆயத்துல் குர்ஸீ ஓதி என்மேல் ஊதினாள்.

உன் அத்தாவைப் பற்றிச் சொல்லவில்லையே. எல்லோரும் அவர் கல்யாணத்தை நிறுத்திவிடுவார் என்றுதான் நினைத்தார்கள். அவர் நிறுத்தவில்லை. லீவு கிடைக்கும்போதெல்லாம் பெரியமேட்டிலிருந்து வந்து, நேராகக் கொட்டகைக்குப் போய்ப் படம் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவாராம். பூபி என்னிடம் வந்து குசுகுசுத்தாள். "இன்னா மாதிரி ஆளுடீ அவன்? கட்டிக்கப் போறவ இன்னொர்த்தனுக்கு வாழ்க்கப்படறத ஒக்காந்து பாத்துக்கினு இருக்கான். கண்ண மூடிக்கினு கேக்கறானாம்." எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. என்னை அசிங்கப்படுத்தத்தான் பார்க்கிறார் என்று நினைத்தேன். நேரில் வந்து ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று கோபம். கட்டிக்கொள்ளப் போகிறவர்களைப் பற்றி ஊர் சொல்வதை நம்பாதே என்று உனக்கு ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேனே, அது இங்கே கற்றதுதான்.

இத்தா முடிந்தது. கொட்டகையைப் பிரித்துக்கொண்டு திருப்பத்தூர்ப் பக்கம் போய்விட்டார்கள். மைதானத்தில் மறுபடியும் தோல் காய்ந்தது. எங்கள் நிக்காஹ் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகைக்குப் பிறகு நடந்தது. பெண்கள் எல்லோரும் என்னைச் சுற்றி அறைக்குள் இருந்தோம், ஆண்கள் வெளியே பந்தலில். நம் பெண்களிடம் ஒரு பேச்சு உண்டு. கன்னிப்பெண்ணாக இருந்தால் சம்மதம் கேட்கும்போது பேசாமல் தலைகுனிந்திருந்தாலே போதும், மௌனம் சம்மதம். ஒருதடவை கட்டிக்கொடுத்தவளாக இருந்தால் அவள் வாயைத் திறந்து சொல்லியே ஆக வேண்டும், சொல்லாவிட்டால் செல்லாது. நான் இதில் எந்த வகை? அதைத்தான் ஊரே தெரிந்துகொள்ளக் காத்திருந்தது. உன் தாதி என் காதில், "வாயால சொல்லிடும்மா. எதுக்கு வம்பு?" என்றார்கள். வக்கீலாக அதே பெரியத்தா வாசலில் வந்து நின்று, உன் அத்தாவின் பெயரைச் சொல்லி, மஹரைச் சொல்லி, சம்மதமா என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன் யாசீன். வரவில்லை. பயத்தாலா, அவர்மேல் இருந்த கோபத்தாலா, தொண்டையில் காற்றுகூட இல்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அப்போது அந்த அறைக்குள், எல்லோருக்கும் கேட்கும்படி, "கபூல்" என்று வந்தது. என் குரல். வெட்கமும் சந்தோஷமுமாக, கொஞ்சம் இழுத்து. மறுபடியும் கேட்டார், மறுபடியும் வந்தது. மூன்றாவது தடவையும். என் உதடு அசையவே இல்லை. பெரியத்தா "சொல்லிட்டா, சொல்லிட்டா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டார்கள். யாராவது எனக்குப் பதிலாகச் சொல்லியிருப்பார்கள் என்றுதானே நீ நினைப்பாய்? நானும் அப்படித்தான் நினைத்தேன். எத்தனையோ கல்யாணத்தில் அத்தைமார் சொல்லிவிடுவது உண்டு. பூபியைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். குர்ஆன்மேல் சத்தியம் செய்தாள். "நீதானேடீ சொன்ன? உன் வாயப் பாத்துக்கினா இருந்தேன், கொரல் உன்னுதுதானே?" என்றாள். நான் வேறு யாரிடமும் கேட்கவில்லை.

வாணியம்பாடிக்கு என்னை அழைத்துப் போனார்கள். உன் அத்தா என்னிடம் மரியாதையாகப் பேசினார், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார், முதுகுவலி என்று சொல்லிவிட்டு வெளி அறையில் போய்ப் படுத்துக்கொண்டார். மறுநாளும் முதுகுவலி. அதற்கு மறுநாளும். சரி, என்னை அருவருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். யார் சொன்ன வார்த்தைக்கு யாருடைய பெண்டாட்டியாக இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. உன் தாதி அன்பாக ஊட்டிய சோறு எனக்கு இறங்கவில்லை, திருட்டுச் சோறாகத் தெரிந்தது. அந்த வாரமே அவர் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்ததால், என்னையும் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் பகல் ரயிலில் ஏறினார். எங்கள் பெட்டியில் காட்பாடியில் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

வெயில் சுள்ளென்று அடித்தது. நான் முக்காட்டைத் தள்ளிவிட்டு, எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியாது, கேட்டுவிட்டேன். "அன்னிக்கு நான் ஒண்ணுமே சொல்லல. தெரியுமா உங்களுக்கு?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, "தெரியும்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "எப்டித் தெரியும்? எல்லாரும் கேட்டாங்களே."

"நானும்தான் கேட்டேன். பந்தல் வரைக்கும் கேட்டுச்சே. உன் கொரல்தான் அது. ஆனா அது எனக்குச் சொன்னது இல்ல. டெண்ட்டுல அத்தினி வாட்டி ஒக்காந்து கேட்டது எதுக்குன்னு நெனச்ச? அவனுக்கு நீ எப்டிச் சொன்னேன்னு மனப்பாடம் பண்ணிக்கினேன். எனக்குச் சொல்லும்போது வேற மாதிரி சொல்லுவேன்னு நெனச்சேன். அன்னிக்கு அதே இழுப்பு, அதே சந்தோசம். அவனுக்குச் சொன்னத வாங்கி நான் எப்டிம்மா பையில போட்டுக்கறது?"

"அப்ப ஏன் நிறுத்தல? ஏன் கூட்டிக்கினு வந்தீங்க?"

"நீ சொல்லுவேன்னுதான். இல்லாட்டி இதே ரயில்ல திருப்பி உட்டுர்றதுக்கு."

யாசீன், அழுதேன் என்று எழுதினால் போதாது. அந்தப் பெட்டி அதிரும்படி அழுதேன். அவர் சமாதானம் சொல்ல வரவில்லை, பக்கத்தில்கூட வரவில்லை. அழுது முடிக்கும் வரைக்கும் எதிர்ப் பலகையிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு ஒரு காஜியாட்டம் நிமிர்ந்து உட்கார்ந்து, தன் பெயரைச் சொல்லி, தன் தகப்பன் பெயரைச் சொல்லி, "சம்மதமா?" என்று கேட்டார். கேட்கும்போது அவர் குரலும் நடுங்கியது. பூவும் இல்லை, சாட்சியும் இல்லை. எனக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அப்படியேதான் அவரை நேருக்கு நேர் பார்த்தேன்.

உனக்கு நான் சொல்ல வந்த புத்தி இது ஒன்றுதான். நிக்காஹ் அன்றைக்கு மணப்பெண்ணிடம் கேட்கும்போது கூட்டம் அவசரப்படுத்தும், சொல்லிவிட்டாள் என்று பத்துப் பேர் சொல்வார்கள். பாத்திஹா ஓதிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். நீ நம்பாதே. பிறகு நீங்கள் இருவரும் தனியாக இருக்கும்போது நீயே ஒருதடவை கேள். அவள் இல்லை என்றாலும் கேட்டுக்கொள்ளத் தெம்பு வைத்துக்கொண்டு கேள். உன் அத்தா அப்படித்தான் கேட்டார்.

அவர் கேட்டதும் நான் "கபூல்" என்றேன். கரகரவென்று, அழகே இல்லாமல் வந்தது. சொல்லிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்துக் கேட்டேன். எங்கள் பெட்டியில் என்னோடு சேர்ந்து வேறு யாரும் சொல்லவில்லை.

உன் அம்மா